இன்னொண்ணுங்க, டொக்டரம்மா

அழகமுத்துக் கிழவரை எல்லோருக்கும் கேட்க அதட்டிய அன்றைக்குத்தான் டொக்டர் ஷஸ்னா வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள்.

கிழவர் செய்த குற்றம் ஒன்றும் பெரிதில்லை. கிளினிக் கொப்பியை லயத்து வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், வயதும் போய்விட்டது, மறக்கத்தான் செய்யும். ஆனால் கொப்பி இல்லை என்றால் ஷஸ்னா பழைய அட்டையைத் தேடி எடுத்து மருந்தெல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். "கொப்பி இல்லாம எனத்துக்கு வந்தீங்க? எல்லாத்தையும் நான் மனசுலயா வச்சிக்கொண்டு இரிக்கிற?" என்று கத்திவிட்டாள். வெளியே வாங்குப் பலகையில் இருந்த சனம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கிழவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவரோ "தப்புத்தானுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கட்டிய கைகள்தான் கண்ணுக்குள் நின்றன. நான் இப்படி இருந்தவள் இல்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

அவள் வேலை பார்த்த மருத்துவ நிலையம் கஹவத்தை டவுனைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்குப் பாதை பிரிகிற சந்தியில் இருந்தது. கொழும்பில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. மருந்து இலவசம், அதனால் சனம் நிறைய வரும். மழை நாளில் இன்னும் வரும். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, கூலி கிடையாது, சும்மா கிடக்கிற நாளில் உடம்பைக் காட்டிவிட்டு வரலாம் என்று குடை பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரண்டு டொக்டர்மார் இருக்க வேண்டிய இடம். மற்றவர் ஒரு வருடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நோயாளிகளைப் பார்ப்பது அவளுக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. எழுதுவதுதான் ஆளைத் தின்றது. வந்தவர் சொல்லச் சொல்ல அட்டையில் எழுத வேண்டும். அதையே சுருக்கி அவர் கொப்பியில் எழுத வேண்டும். தோட்டத்துக்கு லீவுத் துண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம், ஸ்தாபனத்துக்கு மாத அறிக்கை. அட்டையில் எழுதியதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஏற்ற வேண்டும். மகள் நப்லா பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் உம்மாவின் முதுகுக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். கணவன் தாஸிம் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன். அவனே ஒரு நாள் வாய் விட்டான்.

"இது ஒங்கள முழுங்கிப் போட்டுத்தான் விடும், ஷஸ்னா. மாலைதீவுல இருந்து வேலைக்குக் கூப்பிட்டவங்களுக்குச் சரின்னு சொல்லுங்க. நானும் புள்ளயும் பின்னால வாறோம்."

கிழவரை அதட்டிய மறுநாள் அவள் கொழும்புக்கு ராஜினாமாவை அனுப்பினாள். கொழும்புக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆள் கேட்டால் ஆலோசனை அனுப்புவார்கள், ஆலோசனை கேட்டால் கூட்டம் போடுவார்கள். ஆனால் இந்தத் தடவை அனுப்பிய ஆலோசனை உருப்படியாக இருந்தது. போக வேண்டாம், எழுதுகிற வேலையை உங்கள் தலையிலிருந்து எடுத்துவிடுகிறோம், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் நிரோஷா. வந்தாள் என்றும் சொல்ல முடியாது. அவள் இருந்தது யட்டியாந்தோட்டையில், தன் வீட்டு அறையில். அங்கேயே ஒரு தோட்டத்தில் பிறந்து, இங்கிலீஷ் படித்து, இந்த வேலைக்கென்று ஆறு மாதம் பயிற்சி எடுத்த பிள்ளை. ஷஸ்னாவின் மேசையில் சிலேட்டு மாதிரி ஒரு டெப் நிற்கும். அதன் வழியாக அறையில் பேசுவதை எல்லாம் நிரோஷா கேட்டுக்கொண்டிருப்பாள். தமிழிலும் சிங்களத்திலும் காதில் விழுவது அவள் விரலில் இங்கிலீஷாக இறங்கும். நோயாளி எழுந்து போவதற்குள் குறிப்பு, மருந்துச் சீட்டு, கடிதம் எல்லாம் தயார். ஷஸ்னா வாசித்துப் பார்த்து ஒப்பமிட்டால் போதும்.

ஒவ்வொருவரிடமும் முதலில் சம்மதம் கேட்க வேண்டும் என்பது சட்டம். "இதுக்குள்ள ஒரு புள்ள இருந்து நாங்க பேசுறத கேட்டு எழுதுவா. ஒங்களுக்குச் சரியா?" என்று ஷஸ்னா கேட்பாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் டெப்பைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா குனிந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று விசாரித்தாள். நிரோஷா உள்ளேயிருந்து "சாப்பிட்டேங்க" என்று சொன்னதும் அறையே சிரித்தது. தோட்டத்துச் சனம் புதிதாக எது வந்தாலும் மிரளும் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும்.

ஷஸ்னாவுக்கு உயிர் திரும்பி வந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே வந்தது. மாலை அஸர் தொழுகைக்கு வீட்டில் இருந்தாள். நப்லா உம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதை சொன்னாள். நிலையத்தில் அவள் பேனாவை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள். பயிற்சி கொடுத்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். இனி உங்கள் கை சும்மா இருக்கும், அதனால் நோயாளியின் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், அதுவே பாதி வைத்தியம் என்று. அவள் அப்படியே செய்தாள். ஆள் உள்ளே நுழையும்போதே நிமிர்ந்து பார்த்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். அழகமுத்துக் கிழவர் அடுத்த முறை கொப்பியோடு வந்தபோது அவரிடம் மன்னிப்பும் கேட்டாள். கிழவர் பதறிப்போய் மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு மாற்றத்தையும் அவள் கவனித்தாள். கவனித்துச் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் பிற்பாடு அவள் நெஞ்சை அறுத்தது.

முன்பெல்லாம் ஒரு தொல்லை இருந்தது. முழங்கால் வலி என்று வந்தவள் அதற்கு மருந்து எழுதி முடிகிற நேரத்தில், "இன்னொண்ணுங்க, டொக்டரம்மா" என்பாள். எழுதியதன் மேல் இன்னொன்றை எழுத வேண்டும். அதை முடிக்கிறபோது மற்றொரு இன்னொண்ணு வரும். எத்தனையோ நாள் ஷஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். நிரோஷா வந்த பிறகு அந்த வார்த்தையே காதில் விழவில்லை. வந்தார்கள், ஒரு வருத்தத்தைச் சொன்னார்கள், மருந்தோடு போனார்கள். வரிசை மதியத்துக்குள் முடிந்தது. நிம்மதியாக முகம் பார்த்துக் கேட்டால் சனமும் சுருக்கமாகச் சொல்லப் பழகிவிடும்போல என்று அவள் தாஸிமிடம் பெருமையாகச் சொன்னாள். மாலைதீவுக்குப் போகவில்லை என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அந்த மாதங்களில்தான் மூக்காயி மூன்று தடவை வந்து போனாள்.

மூக்காயி ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பால் வெட்டுகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் இடுக்கில் காய்ந்த ரப்பர் பால் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். புருஷன் முத்துவீரன் கூடவே வருவான், ஆனால் உள்ளே வரமாட்டான், வாங்கில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். ஒரு தடவை முழங்கால் வலி என்றாள். அடுத்த தடவை தலையிடி. அதற்கடுத்த தடவை உடம்பு அசதி. ஷஸ்னா அன்பாகத்தான் கேட்டாள். "வேற ஏதும் கரச்சல் இரிக்கா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டாள். மூக்காயி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "இல்லீங்க" என்று எழுந்துவிட்டாள். கதவருகே ஒரு கணம் நின்றாள், திரும்பிப் பார்த்தாள். ஷஸ்னா புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கவும் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மலைச் சரிவில் மண் இறங்கி, சிக்னல் டவருக்குப் போகும் கம்பி அறுந்து போயிற்று. டெப்பின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிரோஷா இல்லை. வெளியே குடைகளும் தலையில் போட்ட ஈரச் சாக்குகளுமாகச் சனம் நிரம்பி நின்றது. ஷஸ்னா இழுப்பறையைத் திறந்து பழைய பேனாவை எடுத்தாள். அலுமாரியிலிருந்து பழைய அட்டைகளை இறக்கினாள். எழுதி எவ்வளவு காலமாயிற்று. நாலைந்து பேரைப் பார்ப்பதற்குள் விரல் கடுத்தது. பழைய எரிச்சலும் மெல்ல எட்டிப் பார்த்தது.

அன்றைக்கு மூக்காயி வந்தாள். திரும்பவும் முழங்கால் என்றாள். ஷஸ்னா தலையை நிமிர்த்தாமலே கேட்டு, தலையை நிமிர்த்தாமலே எழுதினாள். எழுதி முடிந்தும் முடியவில்லை. முந்திப் போனவரின் அட்டையில் மருந்தின் அளவு விட்டுப்போயிருந்தது ஞாபகம் வந்து, அதை இழுத்து வைத்து எழுதத் தொடங்கினாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மூக்காயி எழுந்து போகவில்லை.

"இன்னொண்ணுங்க, டொக்டரம்மா."

பல்லைக் கடிக்கிற அந்தப் பழைய பழக்கம் அவளை அறியாமல் வந்தது. "ம், சொல்லுங்க" என்றாள், பேனா ஓடிக்கொண்டே இருக்க.

"இங்கன நெஞ்சுல ஒரு கட்டி மாதிரிங்க. மொதல்ல பாக்கு கணக்கா இருந்துச்சி. இப்ப கொஞ்சம் பெருசா தெரியுது. நோவு இல்லீங்க. வேலைக்கெல்லாம் போறேன். அதான், சொல்லிட்டுப் போவோம்னு."

பேனா நின்றுவிட்டது. ஷஸ்னா நிமிரவில்லை. பயத்தில் நிமிர முடியவில்லை.

"எப்ப இருந்து?"

"வெசாக் நேரம் கண்டேங்க. தண்ணி ஊத்திக்கறப்ப கையில பட்டுச்சி."

வெசாக் என்றால் மே மாதம். அதற்குப் பிறகுதான் இவள் மூன்று தடவையும் இதே கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஷஸ்னா கதவைச் சாத்திவிட்டு வந்து சோதித்துப் பார்த்தாள். இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவு. மேல் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அக்குளில் விரலுக்குத் தட்டுப்பட்டது இன்னொன்று. படித்ததெல்லாம் அந்த விரல் நுனியில் வந்து நின்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

"மூக்காயி, மூணு தரம் வந்தீங்களே. நான் வேற ஏதும் இரிக்கான்னு கேட்டேனே. ஏன் சொல்லல்ல?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "உள்ள ஒரு புள்ள கேட்டுக்கொண்டு இரிக்கிறதாலயா? அது புடிக்கல்லயா?"

மூக்காயி ரவிக்கையைச் சரிசெய்துகொண்டே தலையாட்டினாள்.

"அந்தப் புள்ள கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்ங்க, அது நல்ல புள்ள. சொல்லத்தான் வந்தேன், மூணு தடவையும். நீங்க எழுதவே இல்லீங்களே."

ஷஸ்னாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மூக்காயியே மெதுவாக விளக்கினாள்.

"பால் நிறுக்கறப்ப கணக்கப்பிள்ளை ஐயா கொப்பியில எழுதிகிட்டு இருப்பாருங்க. அப்பதான் நாங்க எதுன்னாலும் சொல்லுவோம். லீவு வேணும், கூரை ஒழுகுது, உடம்புக்கு ஏலாது, எல்லாம் அப்பதான். ஆபீஸ் ஜன்னல்லயும் அப்பிடித்தான். எழுதறவரு தலய நிமிந்துட்டாருன்னா முடிஞ்சிருச்சி, போன்னு அர்த்தம். அதுக்கு மேல நின்னு மூஞ்சியப் பாத்துப் பேசினா சண்டைக்கு வந்தவன்னுவாங்க. நீங்களும் முந்தி எழுதிகிட்டேதான் இருப்பீங்க. அந்த மாசத் தொந்தரவக்கூட நீங்க எழுதிகிட்டு இருக்கறப்பதானே சொன்னேன். இப்பல்லாம் நான் வந்து குந்தறதுக்கு முந்தியே நிமிந்து பாத்துகிட்டு இருக்கறீங்க. சரி, டொக்டரம்மாவுக்கு இன்னிக்கு நேரமில்ல, இன்னொரு நாளைக்கு வருவோம்னு போயிட்டேங்க."

எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். அதுதான் ஷஸ்னாவைக் கொன்றது. நேரமெல்லாம் உனக்கென்று ஒதுக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தேனே. அந்தப் பார்வையே போ என்று சொல்லியிருக்கிறது. ஒரு பேனாவை இழுப்பறைக்குள் போட்டதில் எத்தனை வாய் மூடிக்கொண்டதோ யார் கண்டது.

இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதத்தை அவள் கையாலேயே எழுதினாள். முத்துவீரனை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பவும் தோன்றாமல் விழுங்கவும் தெரியாமல் நின்றான். நாளைக்கே போக வேண்டும், மழையைப் பார்க்கக் கூடாது என்றாள். தாஸிமின் கடை வேனை வரச் சொல்லி மறுநாள் அவர்களை ஏற்றி அனுப்பினாள்.

டெப் வேலை செய்யத் தொடங்கியதும் அவள் பழைய குறிப்புகளைத் திறந்து வாசித்தாள். முழங்கால் வலி, வேறு முறைப்பாடு இல்லை. தலையிடி, வேறு முறைப்பாடு இல்லை. அசதி, வேறு முறைப்பாடு இல்லை. நிரோஷா ஒரு எழுத்துப் பிழைகூட விட்டிருக்கவில்லை. கீழே மூன்றிலும் ஷஸ்னாவின் ஒப்பம் இருந்தது.

நிரோஷாவிடம் நடந்ததைச் சொன்னாள். 

"நா வந்ததாலதானே டொக்டர் இப்பிடி ஆச்சி" என்றது டெப்பிலிருந்து அந்தச் சின்னக் குரல்.

"இல்ல. நீங்க கேட்டத எழுதினீங்க. கேக்க வைக்க வேண்டியது என்ட வேல."

வீட்டில் தாஸிம் சோற்றைப் பிசைந்தபடி நேராகக் கேட்டான். "அப்ப அந்தப் புள்ளய நிப்பாட்டப் போறீங்களா?"

 நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பவும் எழுத்து, திரும்பவும் நப்லாவுக்கு முதுகு, ஆறு மாதத்தில் இன்னொரு அழகமுத்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு மாலைதீவு. பிறகு இந்தச் சந்தியில் டொக்டரே இருக்க மாட்டாள், தலை குனிந்தும் இருக்க மாட்டாள், நிமிர்ந்தும் இருக்க மாட்டாள்.

"இல்ல. அவ எழுதட்டும். நானும் எழுதப் போறேன்."

தாஸிமுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டாலும் சரியென்று தலையாட்டுவது அவன் சுபாவம்.

மறுநாளிலிருந்து அவள் மேசையில் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. ஆள் உள்ளே வரும்போது நிமிர்ந்து சலாம் சொல்வாள், வணக்கம் சொல்வாள். உட்கார்ந்ததும் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கிவிடுவாள். என்ன எழுதினாள் என்று கேட்டால் வெட்கக்கேடு. வந்தவர் பெயரையே பத்துத் தடவை எழுதினாள். நப்லாவின் கணக்கு வாய்ப்பாட்டை எழுதினாள். ஒன்றும் தோன்றாதபோது கோடு இழுத்தாள். படித்த டொக்டர் இப்படி நாடகம் ஆடுகிறாளே என்று முதல் இரண்டு நாள் அவளுக்கே கூச்சமாக இருந்தது. காது மட்டும் எப்போதும் இல்லாத கூர்மையோடு விழித்திருந்தது. டெப்புக்குள் நிரோஷா உண்மையான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே இன்னொண்ணுங்க திரும்பி வந்துவிட்டது. காய்ச்சல் என்று வந்த ஒருவன் சிறுநீரில் இரத்தம் போவதைச் சொன்னான். தடிமலுக்கும் இருமலுக்கும் மருந்து கேட்ட ஒருத்தி, முதுகில் இருந்த காயம் விழுந்ததால் வந்ததில்லை என்று தாளைப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் முன்பே வந்திருக்க வேண்டியவை. கேட்கக் கேட்க ஷஸ்னாவின் பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுந்தியது.

மூக்காயிக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் பரவியிருந்தது. மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் போய்ப் படுத்துவிட்டு வருவாள். தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், இடையில் இரத்தம் சோதிப்பதற்காக நிலையத்துக்கு வந்தாள். தலையில் முடி இல்லை, துண்டைக் கட்டியிருந்தாள். விரல் இடுக்கில் ரப்பர் பால் இல்லை. அந்தச் சுத்தமான கையைப் பார்க்கத்தான் ஷஸ்னாவுக்குத் தாங்கவில்லை.

வணக்கம் சொல்லி, நலம், பசி, தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு ஷஸ்னா தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். மூக்காயி கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சும்மாதான் எழுதறீங்கன்னு எங்க டிவிஷன்ல எல்லாருக்கும் தெரியும்ங்க" என்றாள். குரலில் கேலி இருந்தது.

ஷஸ்னாவின் காது சூடாகிவிட்டது. "தெரிஞ்சுமா வந்து சொல்றாங்க?"

"எழுதறீங்கல்ல. அது போதும்ங்க."

ஷஸ்னா எழுதினாள். மூக்காயி, மூக்காயி, மூக்காயி என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனாள். வெளியே யாரோ இருமினார்கள். நம்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணுங்க, டொக்டரம்மா."

"சொல்லுங்க."

"நா மொத தடவ வந்தப்பவே வாயத் தொறந்து சொல்லியிருந்தேன்னா, இம்புட்டு வெட்டியிருக்க மாட்டாங்களாங்க? எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சிக்குது. வாயிருந்தும் சொல்லாம இருந்துட்டேனேன்னு. நானே என் தலயில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேனான்னு."

அப்படியெல்லாம் இல்லை, முந்திச் சொல்லியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை அந்தப் பொய் வந்தது. நல்ல பொய்தான், யாருக்கும் நட்டமில்லை. மூக்காயி ஆறுதலாகப் போவாள், ஷஸ்னாவும் தப்பித்துக்கொள்வாள். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். கண் தாளில் இருந்தது, பேனா ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வேறு வார்த்தை வந்தது.

"அந்த நேரமே கண்டிருந்தா கட்டிய மட்டும் எடுத்திரிக்கலாம். அக்குளுக்குப் பரவ முந்திப் புடிச்சிரிக்கலாம். அது உண்ம, மூக்காயி. ஆனா அது ஒங்கட குத்தம் இல்ல. நீங்க மூணு தரம் வந்தீங்க. மழையில நனைஞ்சிக்கொண்டு வந்தீங்க. கதவுகிட்ட நின்டு திரும்பிப் பாத்தீங்க. நான் கண்டேன். என்னமோ இரிக்கின்னு எனக்கு அந்த நேரமே தெரிஞ்சிரிக்கணும். வரிசை சுருக்கா முடியிதுன்னு எனக்குச் சந்தோஷம், அதனால கேக்கல்ல. தப்பு என்ட. என்னய மன்னிச்சிக்கோங்க."

சொல்லி முடித்தபோது தாளில் எழுத்து எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.  டெப்பில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. பிறகு நிரோஷாவின் குரல் வந்தது, மிகவும் தயங்கி.

"டொக்டர், கடைசியா சொன்னது... அதயும் குறிப்புல போடவா? இல்ல, விட்டுறவாங்க?"

ஷஸ்னாவுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். போட்டால் அது கொழும்புக்குப் போகும். யாராவது வாசிப்பார்கள், விசாரணை என்பார்கள், அவள் பெயருக்குக் கீழே அது எப்போதும் கிடக்கும். போடாவிட்டால் மூன்று தடவை வேறு முறைப்பாடு இல்லை என்று எழுதியது அப்படியே நிற்கும். மூக்காயி வாயைத் திறக்காத ஒருத்தி என்றே அது காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

"போடுங்க நிரோஷா. நான் சொன்ன மாதிரியே போடுங்க."

தட்டச்சுச் சத்தம் திரும்பக் கேட்கத் தொடங்கியது. ஷஸ்னா பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். இனி எழுத ஒன்றுமில்லை. மெல்லத் தலையை நிமிர்த்தி மூக்காயியின் முகத்தைப் பார்த்தாள்.

மூக்காயி எழுந்து போகவில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.